பொறுமையே முதலாக வந்த வில்லியம் கேரி

ஹவுராவில் பாண்டேல் லோக்கல் ஏறினால் முக்கால் மணி நேரத்திற்குள் ஸ்ரீராம்பூர் வந்துவிடும். கொல்கத்தாத் தமிழர்களில் பலர் அந்த நிலையத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கோ செராம்பூர் என்னும் பெயர் பழகிய பெயர். மதுரை அரசரடியிலும் சென்னை குருகுலத்திலும் இறையியல் படித்து வெளிவரும் போதகர்கள் பெறுவது செராம்பூர் பட்டமே. அந்தப் பட்டம் வழங்கும் உரிமை 1827ல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனத்தால் கிடைத்தது. அந்தக் கல்லூரியைத் தோற்றுவித்த மூவரில் மூத்தவர், இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒருவர். அவர்தான் வில்லியம் கேரி.

கேரியின் சாதனைகளைப் பட்டியல் போட்டுப் பேசுவது வழக்கம். வங்காள உரைநடைக்கு வழி வகுத்தவர், உடன்கட்டை ஏறுதலை எதிர்த்தவர், ஆறு மொழிகளில் முழு வேதாகமத்தையும் அச்சிட்டவர் என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாம் உண்மையே. ஆனால் இந்தியாவில் அவர் கழித்த 41 ஆண்டுகளில் முதல் ஏழு ஆண்டுகள் கையில் ஒன்றுமே மிஞ்சாத ஆண்டுகள். அந்த ஏழைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வந்ததற்கு மதிப்புத் தெரியும்.

பட்டறையில் ஒரு பள்ளி

1761 ஆகஸ்டு 17ந் தேதி நார்த்தாம்ப்டன் மாவட்டத்தில் பாலர்ஸ்பரி என்ற சிற்றூரில் கேரி பிறந்தார். தகப்பனார் எட்மண்ட் நெசவாளி. பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். பையனுக்குத் தோலில் ஒரு கோளாறு. வெயிலில் நின்றால் தாங்காது. ஆகையால் வயல் வேலைக்கு உதவமாட்டான் என்று பதினாலாம் வயதில் செருப்புத் தைக்கும் பட்டறையில் விட்டார்கள். (வெயில் தாங்காத அந்தப் பையன்தான் பிற்பாடு வங்காளத்து வெயிலில் 41 ஆண்டு, ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பாமல் இருந்தவன்.)

பட்டறையிலிருந்த ஒரு பழைய உரைநூலில் கிரேக்க எழுத்துக்களைக் கண்டு அது என்ன என்று அறிய ஆசைப்பட்டார். அந்த ஆசை கிரேக்கத்தோடு நிற்கவில்லை. லத்தீன், எபிரேயம், டச்சு, பிரெஞ்சு என்று ஒவ்வொன்றாகத் தாமே கற்றார். உலகப் படம் ஒன்றைத் தயாரித்துச் சுவரில் மாட்டி, தோல் தைத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

1781ல் டோரதி பிளாக்கெட் என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. திருமணப் பதிவேட்டில் கீறல்தான் வைத்தார். முதல் பெண் குழந்தை இரண்டு வயதில் காய்ச்சலில் போயிற்று. அதே காய்ச்சல் கேரியையும் பிடித்து, தலைமயிர் உதிர்ந்து, இளம் வயதிலேயே டோப்பா வைத்துக்கொள்ளும்படி ஆயிற்று. இன்னொரு பெண் குழந்தையும் பின்னால் இறந்தது. பாப்டிஸ்ட் சபைப் போதகராக ஆன பிறகும் சம்பளம் போதாமல் பள்ளிக்கூடம் நடத்தினார், செருப்பும் தைத்தார்.

1792ல் கெட்டரிங் என்ற ஊரில் ஒரு வீட்டில் சிலர் கூடி ஒரு மிஷனரி சங்கம் தொடங்கினார்கள். அன்று சேர்ந்த தொகை 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ். அந்தச் சங்கத்தின் சார்பில் இந்தியாவுக்குப் போகிறேன் என்று கேரி முன்வந்தார்.

டோரதிக்கு வர மனமில்லை. கைக்குழந்தைக்காரி, பிறந்த ஊரை விட்டு அதிக தூரம் போனதே கிடையாது. முதலில் முடியாது என்று சொல்லி, பிறகு கடைசி நேரத்தில் தங்கை கூட வருவாள் என்றால் வருகிறேன் என்று இசைந்தார். கேரியின் பொறுமையைப் புகழும் பலர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கேரி தாமே தேர்ந்தெடுத்த பாதை அது. டோரதி தேர்ந்தெடுத்ததல்ல.

கல்கத்தாவில் ஒதுக்கிடமில்லை

1793 ஜூனில் டேனிஷ் கப்பலொன்றில் புறப்பட்டு நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். கேரி, டோரதி, தங்கை கேதரின், பெலிக்ஸ், வில்லியம், பீட்டர், பிறந்து ஒரு மாதம் ஆன நிலையில் கப்பலேறிய ஜாபேஸ். கூட வந்தவர் ஜான் தாமஸ் என்னும் வைத்தியர். இவர் முன்பே வங்காளத்தில் இருந்தவர். நல்ல மனசு, ஆனால் கையில் காசு தங்காது. கிழக்கிந்தியக் கும்பினியார் மிஷனரிகளைத் தங்கள் எல்லைக்குள் விடுவதில்லை. மதப் பிரசாரத்தால் வியாபாரத்துக்குப் பங்கம் வந்துவிடும் என்பது அவர்கள் பயம். ஆகவே கேரி குடும்பம் அனுமதிச் சீட்டு இல்லாமல், மறைவாகத்தான் நகருக்குள் வந்தது.

ஒரு வருஷத்துக்கென்று கொண்டு வந்த பணத்தைத் தாமஸ் வைத்திருந்தார். சில வாரங்களில் அது தீர்ந்தது. மாணிக்தலாவில் ஒரு வட்டிக்கடைக்காரர் இரங்கிக் கொடுத்த சிறு வீட்டில் எல்லோரும் அடைந்து கிடந்தார்கள். டோரதிக்கும் பெலிக்ஸுக்கும் சீதபேதி. தெரியாத ஊர், புரியாத பாஷை, அடுத்த வேளைக்கு வழியில்லை. இப்படியோர் இடத்துக்கு இழுத்து வந்தாயே என்று வீட்டுக்குள்ளேயே வசவு. கேரி கடன் கேட்டு வெயிலில் கல்கத்தாத் தெருக்களில் நடந்தார். ராம் ராம் பாசு என்னும் முன்ஷியிடம் வங்காளி கற்பதை மட்டும் அந்த நாட்களிலும் நிறுத்தவில்லை.

1794 பிப்ரவரியில் பயிர் செய்து பிழைக்கலாம் என்று படகேறிச் சுந்தரவனம் போனார்கள். புலியும் முதலையும் உள்ள சதுப்பு நிலம். உப்பு இலாகா அதிகாரியான சார்லஸ் ஷார்ட் என்ற ஆங்கிலேயர், முன்பின் தெரியாத இந்தக் குடும்பத்தைத் தம் பங்களாவில் தங்க வைத்துச் சோறு போட்டார். பின்னால் அவரே கேதரினை மணந்துகொண்டார். டோரதிக்கு இருந்த ஒரே துணையும் இப்படிப் பிரிந்து போயிற்று.

அவுரித் தொழிற்சாலையில் ஐந்து ஆண்டு

அந்த வருஷமே மால்டாப் பக்கம் மதனாபதி என்ற இடத்தில் ஜார்ஜ் உட்னி என்பவரின் அவுரிச் சாயத் தொழிற்சாலையில் கேரிக்கு மேற்பார்வை வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 200 ரூபாய். உடனே இங்கிலாந்துச் சங்கத்துக்கு எழுதி, தமக்கு இனிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று தெரிவித்தார். ஆனால் அவர்களுடைய முதல் கடிதம் கேரிக்கு வந்து சேரவே, அவர் இந்தியாவில் கால் வைத்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது.

1794 அக்டோபரில் ஐந்து வயது பீட்டர் சீதபேதியில் இறந்தான். பிணம் தொட்டால் தீட்டு, சாதி போய்விடும் என்று சவப்பெட்டி செய்யவோ, குழி வெட்டவோ, தூக்கவோ யாரும் வரவில்லை. தகப்பனும் தாயுமே பிள்ளையைத் தூக்கிப் போக வேண்டிய நிலை. கடைசியில் நான்கு முஸ்லிம் தொழிலாளர் துணிந்து குழி வெட்டினார்கள். அதற்காக ஊரார் அந்த நால்வரையும் ஒதுக்கி வைத்தார்கள். கேரியும் அப்போது காய்ச்சலிலிருந்து எழுந்திருந்த நேரம்.

டோரதியின் மனம் இதற்குப் பிறகு தேறவேயில்லை. 1795லிருந்து புத்தி பேதலித்தது. கணவர் பிற பெண்களை நாடுகிறார் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. தெருவில் கூவுவார், கேரியின் உயிருக்கே ஆபத்து விளைவிக்கும் வகையில் பாய்ந்ததும் உண்டு. பல சமயம் அறைக்குள் வைத்துப் பூட்ட வேண்டியிருந்தது. கல்கத்தாவில் அந்நாளில் பைத்திய மருத்துவமனை இருந்தது; அங்கே கொண்டுபோய் விடச் சொன்னவர்களும் இருந்தார்கள். கேரி விடவில்லை. வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றினார். அடுத்த அறையில் கூச்சல் கேட்டுக்கொண்டிருக்க, இந்த அறையில் பண்டிதரோடு உட்கார்ந்து புதிய ஏற்பாட்டை வங்காளியில் பெயர்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு நாளல்ல, டோரதி இறந்த 1807 வரை பன்னிரண்டு ஆண்டுகள்.

இதைக் கல்நெஞ்சு என்பாரும் உண்டு. ஆனால் அவருடைய நாட்குறிப்பிலும் கடிதங்களிலும் அழுகையும், தன்னையே நொந்துகொள்வதும், கடவுள் எங்கே என்று தேடுவதும் நிறைய இருக்கின்றன. மறுநாள் காலையில் வழக்கம்போல் வேலை தொடங்கும். பொறுமை என்றால் கை கட்டி உட்கார்ந்திருப்பது என்று அவர் கருதியதாகத் தெரியவில்லை. ஒரு தையலுக்கு அடுத்து இன்னொரு தையல் என்று பட்டறையில் பழகிய கை அது.

1798ல் ஒரு மர அச்சு இயந்திரம் கல்கத்தாவில் விலைக்கு வந்தது. உட்னி அதை வாங்கிக் கொடுத்தார். மதனாபதியில் அது வேலை செய்வதைப் பார்த்த கிராமத்தார், துரை கும்பிடும் சாமி இதுதான் போலும் என்று பேசிக்கொண்டார்களாம். வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி அடித்து அவுரித் தொழில் நொடித்தது. 1799 முடிகையில் வேலையும் போயிற்று. ஞானஸ்நானம் பெற்ற வங்காளி என்று காட்ட ஒருவர்கூட இல்லை.

ஹூக்ளிப் படித்துறை

அவ்வாண்டு அக்டோபரில் மார்ஷ்மன், வார்டு ஆகியோரும் அவர்களோடு வந்தவர்களும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து ஸ்ரீராம்பூரில் இறங்கினார்கள். கும்பினியார் அவர்களை உள்நாட்டுக்கு விட மறுத்தார்கள். ஆனால் ஸ்ரீராம்பூர் அப்போது, நம் தரங்கம்பாடியைப் போலவே, டேனிஷ்காரர் வசம் இருந்தது. (1845ல் இரண்டையும் சேர்த்தே ஆங்கிலேயருக்கு விற்றார்கள்.) டேனிஷ் கவர்னர் அடைக்கலம் கொடுத்தார். அவர்கள் இங்கே வர முடியாததால், கேரி அங்கே போனார். 1800 ஜனவரி 10ந் தேதி அவர் அச்சு இயந்திரத்தோடும், சித்தம் கலங்கிய மனைவியோடும், நான்கு பிள்ளைகளோடும் ஸ்ரீராம்பூர் வந்தார். கும்பினியார் மூடிய கதவுதான் கேரிக்கு உகந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது.

வார்டு அச்சுத் தொழில் தெரிந்தவர். பஞ்சானன் கர்மகார் என்ற வங்காளத்துக் கொல்லர் எழுத்து வெட்டுவதில் நிபுணர். மார்ஷ்மன் தம்பதியர் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். எல்லோர் வருமானமும் ஒரே பெட்டிக்குள் போகும். ஒரே பந்தியில் சாப்பாடு.

கிருஷ்ண பால் என்னும் தச்சருக்குத் தோள்பட்டை எலும்பு பிசகியது. டாக்டர் தாமஸ் வந்து சரி செய்தார். அந்தச் சிகிச்சையில் தொடங்கிய பழக்கம் நீண்டு, 1800 டிசம்பர் 28ந் தேதி ஹூக்ளி நதியில் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றார். அதே நேரத்தில் கேரியின் மூத்த மகன் பெலிக்ஸும் பெற்றான். டேனிஷ் கவர்னரும் படித்துறைக்கு வந்திருந்தார். ஏழு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் கிடைத்த அந்த முதல் ஆள், சாதி விட்டவன் என்று சொந்த ஜனங்களிடம் பட்டபாடும் கொஞ்சமல்ல.

இத்தனை ஆண்டு இதற்காகவே ஏங்கியிருந்த தாமஸுக்குச் சந்தோஷம் தாங்காமல் அறிவு தடுமாறிவிட்டது. அன்று ஒரு அறையில் அவர் பிதற்றிக்கொண்டிருந்தார்; இன்னொரு அறையில் டோரதி. ஆற்றங்கரையில் கேரி. மகிழ்ச்சி வந்த நாளிலும் துக்கம் வீட்டை விட்டுப் போகவில்லை.

அடுத்த ஆண்டு, 1801ல், வங்காளிப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. அதே ஆண்டு கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு வங்காளி கற்பிக்கக் கேரியை அழைத்தார்கள். பிறகு சமஸ்கிருதமும் மராட்டியும் சேர்ந்தன. எட்டாண்டுக்கு முன் ஒளிந்து வந்த நகரத்தில் அவர் பேராசிரியரானார். மாதம் 500, பின்னர் 1,000 ரூபாய். சொந்தச் செலவுக்குச் சிறிது எடுத்துக்கொண்டு மீதியை மிஷன் பெட்டியில் போட்டுவிடுவார். வாரா வாரம் ஸ்ரீராம்பூரிலிருந்து கல்கத்தாவுக்குப் படகிலேயே போய் வருவார். (ரயில் வந்தது 1854ல், அவர் இறந்து இருபது ஆண்டு கழித்து.) கவர்னர் ஜெனரல் விருந்தொன்றில் ஓர் அதிகாரி இவர் முன்பு செருப்புச் செய்பவர்தானே என்று இவர் காதுபட விசாரித்தபோது, செருப்புச் செய்யும் அளவுக்கு இல்லை, பழசைத் தைப்பவன் மட்டுமே என்று இவரே திருத்தினாராம்.

தீயில் போன தமிழ் எழுத்துக்கள்

1812 மார்ச் 11ந் தேதி மாலை ஸ்ரீராம்பூர் அச்சுக்கூடத்தில் தீப்பிடித்தது. வார்டும் மார்ஷ்மனும் கதவு ஜன்னல்களை அடைத்துக் காற்றை மறித்து, கூரை வழியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோ அவசரத்தில் ஒரு ஜன்னலைத் திறந்துவிட, தீ மளமளவென்று எழும்பியது. நடுநிசியில் கூரை விழுந்தது. கேரி அன்று கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் காலை மார்ஷ்மன் படகில் போய்ச் செய்தி சொன்னார். கேரி கண்ணீர் விட்டார்.

நஷ்டம் சுமார் 70,000 ரூபாய். காகிதமும் ஈயமும் பணம் கொடுத்தால் வரும். கேரி பல்லாண்டு எழுதிய பன்மொழி அகராதி, தெலுங்கு இலக்கணம், பஞ்சாபி இலக்கணம், மொழிபெயர்ப்புக் கட்டுகள் ஆகியவை எந்தக் கடையிலும் கிடையா. உருகிப் போன எழுத்துக்களில் தமிழ் எழுத்தும் இருந்தது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்காக அப்போது கல்கத்தாவிலிருந்த வேதாகமச் சங்கம் புதிய ஏற்பாடு அச்சிட ஏற்பாடு செய்திருந்த சமயம் அது.

சாம்பலைக் கிளறியபோது, எழுத்து வார்ப்பதற்கு மூலமான எஃகு அச்சுகள் பெரும்பாலும் பழுதில்லாமல் கிடைத்தன. அச்சு இயந்திரங்களும் பக்கத்து அறையில் தப்பியிருந்தன. உருகிய ஈயத்தையே திரட்டி இரவு பகலாக மறுபடி எழுத்து வார்த்தார்கள். ஒரு தரம் நடந்த பாதையை இரண்டாம் தரம் நடப்பது எளிது என்று சொல்லி, கேரி எரிந்த மொழிபெயர்ப்புகளை முதலிலிருந்து தொடங்கினார். பன்மொழி அகராதி மட்டும் போனது போனதுதான். அதை அவர் திரும்ப எழுதவேயில்லை. செய்தி இங்கிலாந்து எட்டியதும் இரண்டே மாதத்துக்குள் நஷ்டம் முழுவதற்கும் பணம் சேர்ந்துவிட்டது. அதுவரை கேரியின் பெயரே தெரியாதிருந்தவர்களுக்கும் அந்தத் தீயினால் தெரிந்தது. தமிழ்ப் புதிய ஏற்பாடு, பப்ரீசியுஸ் மொழிபெயர்ப்பைத் தழுவியது, 1813ல் ஸ்ரீராம்பூரிலிருந்து வெளிவந்தது.

முதுமையில் அடுக்கடுக்காய்

டோரதி இறந்த பின் 1808ல் சார்லட் ருமோர் என்ற டேனிஷ் சீமாட்டியைக் கேரி மணந்தார். நடமாடச் சிரமப்படும் நோயாளி. ஆனால் பல மொழி கற்றவர், மொழிபெயர்ப்பைப் படித்துத் திருத்த உதவினார். கேரியின் வாழ்க்கையில் அமைதியான ஆண்டுகள் அந்தப் பதின்மூன்றுதான். 1821ல் அந்த அம்மாளும் காலமானார். 1822ல் கிருஷ்ண பால் காலராவில் மாண்டார். அதே ஆண்டு பெலிக்ஸ் இறந்தான். பர்மாவில் ஊழியம் செய்யப் போனவன். ஐராவதியில் படகு கவிழ்ந்து மனைவி மக்களை இழந்து, மனம் போனபடி அலைந்து, 1818ல்தான் தகப்பனிடம் திரும்பியிருந்தான். 1823 மார்ச்சில் வார்டும் காலராவுக்குப் பலியானார். அந்த அக்டோபரில் ஓரிரவு கல்கத்தாவில் பிரசங்கம் முடித்துத் திரும்பிய கேரி, படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டார். படுக்கையில் கிடக்கும்போதே தாமோதர் நதி வெள்ளம் ஊருக்குள் புகுந்து, அவர் இருபது ஆண்டுக்கு மேல் வளர்த்த தாவரத் தோட்டத்தை அழித்தது. ஊன்றுகோலோடு எழுந்ததும் மறுபடி விதை கேட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். கல்கத்தா அலிப்பூரிலுள்ள தோட்டக்கலைச் சங்கம், அவர் 1820ல் தோற்றுவித்ததுதான்.

இவற்றையெல்லாம்விட அவரை வருத்தியது இங்கிலாந்துச் சங்கத்தோடு வந்த தகராறு. பழைய நண்பர்கள் மறைந்து, புதியவர்கள் பொறுப்பேற்றதும், ஸ்ரீராம்பூர்க்காரர்கள் சொத்துச் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. 1827ல் இரு தரப்பும் பிரிந்தன. 1830ல் தொடங்கிக் கல்கத்தாவின் பெரிய வியாபாரக் கம்பெனிகள் ஒவ்வொன்றாய்த் திவாலாக, மிஷன் போட்டு வைத்திருந்த பணமும் போயிற்று. கல்லூரி வேலையும் அந்தக் காலத்தில்தான் போனது.

நடுவில் ஒரு நாள். 1829 டிசம்பரில் உடன்கட்டையைத் தடை செய்யும் உத்தரவை வங்காளியில் பெயர்க்கும்படி அரசாங்கம் அனுப்பியது. அது ஞாயிற்றுக்கிழமை, அவர் பிரசங்கிக்க வேண்டிய நாள். கோட்டைக் கழற்றி வைத்து, பிரசங்கத்துக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டு, பண்டிதரோடு உட்கார்ந்து பொழுது சாய்வதற்குள் முடித்தார். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் ஒரு பெண்ணின் உயிராக இருக்கலாம் என்பது அவர் கணக்கு. முப்பது ஆண்டுக்கு முன், 1799ல், ஒரு விதவை எரிக்கப்படுவதைக் கண்ணால் பார்த்துத் தடுக்க முயன்று தோற்றவர் அவர். எங்கே பொறுக்க வேண்டும், எங்கே பொறுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1834 ஜூன் 9ந் தேதி காலை, 72 வயதில், ஸ்ரீராம்பூரில் உயிர் பிரிந்தது. தம்மைப் பார்க்க வந்த ஓர் இளம் மிஷனரியிடம், கேரியைப் பற்றிப் பேசாதேயுங்கள், கேரியின் இரட்சகரைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கல்லறைக் கல்லில் பெயர், தேதிகள், ஒரு பழைய பாடலின் இரண்டு அடி, இவை தவிர வேறொன்றும் வேண்டாம் என்று உயிலில் எழுதியிருந்தார். அப்படியே செய்தார்கள்.

உயிலில் இன்னொன்றும் இருந்தது. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்த ஜாபேஸுக்கு 1,500 ரூபாய் கொடுக்க வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு முன்பே கொடுத்தாயிற்று. இத்தனை ஆண்டு ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் வாங்கியவரிடம் அந்தப் பணம் இல்லை. தமது புத்தகங்களை விற்று அதைக் கொடுக்கும்படி எழுதி வைத்திருந்தார்.